ஓடாவி ஊரில் உடைந்த பெஞ்சுகள்

ஜூலை 12, 2025, சனி

கோவையிலிருந்து ராமநாதபுரம் வந்த பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் பஸ் மாறும்போது என் பையைத் தூக்கிப் பார்த்த கண்டக்டர் மட்டும், "உள்ள என்னண்ணே, அம்மிக்கல்லா?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். உள்ளே இருந்தது இழைப்புளிகள், ஓர் உளிக் கட்டு, இரண்டு ரம்பம், செங்கோணம் பார்க்கிற மூலமட்டம், நான்கைந்து கிளாம்ப். வேட்டி சட்டைக்குத் தனியாக ஒரு துணிப்பை.

நான் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்தவன். பம்ப்செட்டின் உடம்பை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து தர வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில்தான் இரும்பை ஊற்றுவார்கள். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் மெஷின் செய்கிறது. பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தி மகன் கூப்பிட்டான். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கிப் போகிற ஓர் ஊரில் நடுநிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் அவன். "பெஞ்செல்லாம் ஒடஞ்சு கெடக்குதுங்ண்ணா. சும்மாதான இருக்கீங்க, வந்து ஒரு கை பாருங்க" என்றான். ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறான். அரசு உத்தியோகம், சரி.

ராமநாதபுரத்தை விட்டுத் திருப்புல்லாணி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை. கீழக்கரையில் இறங்கியபோது காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஆடிக்காற்று வந்துவிட்டது. இங்கே கச்சான் என்கிறார்கள். தென்மேற்கிலிருந்து மணலோடு வருகிறது. பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடித்தேன், 12 ரூபாய். கண்ணாடி டம்ளரின் அடியில் மணல் கிடந்தது.

தங்க மாடியறை கொடுத்த வீட்டுக்காரர் கப்பலில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகைப் பேச்சை எடுத்தவுடன், "பள்ளிக்கூடத்து வேலையா வந்திருக்கீங்க, அதெல்லாம் பேசாதீங்க பாய்" என்றார். என்னைப் பார்த்தால் பாய் மாதிரி இருக்கிறதா, இல்லை இவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாரா என்று தெரியவில்லை. ராத்திரி இடியாப்பம், தேங்காய்ப்பால், சூடை மீன் குழம்பு. காற்று பலமாக இருப்பதால் வள்ளங்கள் சரியாகக் கடலுக்குப் போகவில்லை, பெரிய மீன் கிடைக்கவில்லை என்று அவருக்கு வருத்தம். எனக்கு அந்தச் சூடையே போதும்.

ஜூலை 13, ஞாயிறு

பள்ளியைத் திறந்து காட்டினான் தம்பி. பின்பக்கம் ஓர் அறை நிறைய மரச்சாமான், கூரை வரை. கால் போன பெஞ்சுகள், முதுகு போன நாற்காலிகள், ஒரு கரும்பலகைச் சட்டம், இரண்டு ஜன்னல் கதவு. ஏன் இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருளாம். உடைந்தாலும் தூக்கிப் போட முடியாது, ஏலம் விடவும் எரிக்கவும் மேலிருந்து உத்தரவு வரவேண்டும். அதுவரைக்கும் அறைக்குள் கிடக்கும். பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் எப்படியும் தரையில் வட்டமாக உட்கார்ந்துதான் பாடம், அது பரவாயில்லை. ஆறாவது ஏழாவது பிள்ளைகளும் மடியில் நோட்டை வைத்து எழுதினால் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்த்தேன். இரண்டு ஜாதி இருந்தது. ஒன்று பிற்பாடு வந்த இரும்புச் சட்ட டெஸ்க். உப்புக்காற்று அதன் கால்களை அடியிலிருந்து தின்றுவிட்டது. காலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. அதில் நான் செய்ய ஒன்றுமில்லை, வெல்டிங்காரர் வந்தாலும் பிடித்து ஒட்ட இரும்பு மிச்சம் இல்லை. இன்னொன்று பழைய மர பெஞ்சு. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் 'உபயம்' என்று போட்டு 1986 என்று எழுதியிருந்தது. தேக்கு. தூசியைத் தட்டி இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தால் நேற்று அறுத்த வாசனை.

அப்படியானால் ஏன் உடைந்தது? ஆணி. யாரோ ஒரு காண்ட்ராக்டர் பழுது பார்க்கிறேன் என்று சாதா இரும்பு ஆணியாக அடித்துத் தள்ளியிருக்கிறார். இந்தக் கரையில் இரும்பு ஆணி துருப்பிடித்தால் உள்ளேயே பருத்து மரத்தை நார்வாக்கில் பிளந்துவிடும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் கீறினால் தூளாக வருகிறது. ஒவ்வொரு பெஞ்சும் ஆணி இருந்த இடத்தில்தான் போயிருக்கிறது, மற்ற இடமெல்லாம் கல்லாக இருக்கிறது. ரிப்பேர் செய்யாமலே விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும் என்பது என் கட்சி.

மத்தியானம் கீழக்கரை போய் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கேட்டேன். முதல் கடையில் எடுத்துக் கொடுத்ததில் காந்தத்தை வைத்தேன், நன்றாக ஒட்டியது. ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டுகிற ரகம் உண்டு, ஆனால் அது உப்புக்காற்றுக்கு ஆகாது. கடைக்காரர் என்னையும் காந்தத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கோயம்புத்தூரா?" என்றார். அடுத்த கடையில் நல்லது கிடைத்தது, விலை கொஞ்சம் கடி.

திரும்பும் வழியில் பழைய வீட்டுக் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சில வாசல்களில் செதுக்கு வேலை, நின்று பார்க்க வைக்கிறது. ஒரு திண்ணையில் இருந்த அம்மா, என்ன வேவு பார்க்கிறான் இவன் என்கிற மாதிரி முறைத்தார். கதவைப் பார்க்கிறேன் என்றதும் உள்ளே போய் ஒரு தட்டில் தொதல் கொண்டுவந்து தந்தார். கறுப்பாக, எண்ணெய் மினுங்க, தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்துக் கிண்டியது. கதவு யார் செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மாமனார் காலத்துக்கும் முந்தியதாம்.

ஜூலை 14, திங்கள்

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு வேலை ஆரம்பித்தேன். இடைவேளை மணி அடித்ததும் சுற்றிலும் சுவர் மாதிரி நின்றுகொண்டார்கள். மத்தியானத்துக்குள் எனக்குப் 'பெஞ்சு சார்' என்று பெயர் வைத்தாயிற்று.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பையிலிருந்த எஃகு ஸ்கேலை எடுத்துத் தன் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "சார், ஒங்க ஸ்கேலு தப்பு" என்றாள். அவளுடைய 30 சென்டிமீட்டர் முடிகிற இடத்தில் என்னுடையது முடியவில்லை. 3 மில்லிமீட்டர் தள்ளி முடிகிறது.

அது பேட்டர்ன் ஸ்கேல். பழக்கத்தில் பையிலேயே கிடக்கிறது. உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதனால் மர வடிவத்தை அந்த ஒரு பங்கு பெரிதாகச் செய்யவேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதனால் ஸ்கேலையே நீளமாக அடித்துவிடுவார்கள். அலுமினியத்துக்கு வேறு ஸ்கேல், எஃகு வார்ப்புக்கு அதைவிட நீளமானது. எஃகு நூற்றுக்கு இரண்டு சுருங்கும். இதைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "பெஞ்சு சுருங்குமா சார்?" என்றாள். மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது என்றேன். "அப்ப இத எதுக்குக் கொண்டாந்தீங்க?"

பதில் இல்லை. தம்பி அதையே பிடித்துக்கொண்டு மத்தியானம் சதவீதக் கணக்கு நடத்தினான். ஜன்னல் வழியாகக் கேட்டது, நன்றாகத்தான் நடத்துகிறான்.

நான் வாயால் காற்று ஊதி உளித்துளையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒரு பையன் சொன்னான்: "எங்க தாத்தா இப்பிடிப் பண்ண மாட்டாரு. வாச்சியிலயே செதுக்கிருவாரு." வாச்சி என்பது மண்வெட்டி மாதிரி குறுக்கு அலகு வைத்த செதுக்குக் கருவி. உங்க தாத்தா யாரு? "ஓடாவி." வள்ளம் கட்டுகிறவர். வீடு எங்கே? கையை நீட்டினான். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு.

சாயங்காலம் போனேன். எழுபதுக்கு மேல் இருக்கும், மெலிந்த உடம்பு, முன்கையில் மட்டும் வயசு தெரியவில்லை. பூவரசு நிழலில் ஒரு பழைய வள்ளத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது எல்லோரும் ஃபைபர் வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். புதிதாக மரத்தில் கட்டச் சொல்லி யாரும் வருவதில்லை, ஒட்டுப்போடுகிற வேலையும் பிரிக்கிற வேலையும்தான் என்றார். பள்ளி பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். "நம்ம பள்ளிக்கூடத்துலயா?" என்று கேட்டார். பேரன் படிக்கிற பள்ளி. அந்த அறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஜூலை 15, செவ்வாய்

இன்று காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பாடம் கிடையாது. பேச்சுப்போட்டி, பாட்டு, மேடை. ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் விருந்தாளி. அவர் உட்கார நாற்காலி போதவில்லை என்று, நேற்று நான் முடித்த ஒரே பெஞ்சை மேடைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பசை முழுசாகக் காயவில்லை, கிளாம்பைக் கழற்றி ராத்திரிதான் ஆகிறது. விருந்தாளி கனத்த உடம்புக்காரர். அவர் ஒவ்வொரு முறை கைதட்டி முன்னும் பின்னும் அசைந்தபோதும் எனக்கு வயிறு கலங்கியது. பெஞ்சு நின்றது. அவர் பேசியதில் ஒரு வார்த்தை நினைவில் இல்லை.

பேரன் பேச்சுப்போட்டியைப் பார்க்க ஓடாவி வந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் போய்ப் பெஞ்சைக் குனிந்து பார்த்தார், கையால் தடவினார், ஓர் ஓரத்தைப் பிடித்து முறுக்கினார். "வேல சுத்தம். ஆனா காலு நிக்காது தம்பி" என்றார். ஏன் என்று கேட்டேன். பெஞ்சின் காலும் பலகையும் சேருகிற மூலையைக் காட்டி, "கனம் பூரா இங்க வந்து விழுது. நீ ரெண்டு ஸ்க்ரூவை நம்பி நிறுத்தியிருக்க. பயலுக பின்னால சாய்ஞ்சு ஆட்டுவானுக" என்றார். நானும் ஒரு முட்டுக் கொடுக்கத்தான் இருந்தேன். பலகையில் முக்கோணமாக அறுத்து வைக்கலாம் என்று. அவர் அதற்கும் தலையை ஆட்டிவிட்டார்.

விழாவுக்குக் கேசரி. சத்துணவு அக்கா எனக்கு இரண்டு முறை வைத்தார், வேண்டாம் என்றதை அவர் காதில் வாங்கவேயில்லை.

ஜூலை 16, புதன்

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

காலையில் ஓடாவி ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே வளைந்த கிளைகள். வேம்பு, நாட்டுக்கருவேலம். எல்லாம் ஏற்கெனவே காய்ந்தவை. வள்ளத்துக்கு விலா எலும்பாக உள்ளே வைக்கிற வங்குக்காக வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாராம். இனி வங்குக்கு வேலை இல்லை. ஒவ்வொரு கிளையாக எடுத்து மூலையில் வைத்துப் பார்த்து, ஒத்துவராததைத் தள்ளி, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். கிளை பிரிகிற இடத்தில் இயற்கையாகவே செங்கோணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விரிந்தது.

நேர்ப்பலகையில் வளைவை அறுத்தால் நார் ஒரு பக்கம் அறுந்து போகும், அந்த இடத்தில்தான் உடையும். கிளையாகவே வளைந்திருந்தால் நார் வளைவோடு சேர்ந்து ஓடும். பேட்டர்ன் வேலையிலும் இது தெரிந்த விஷயம்தான். நாங்கள் துண்டு துண்டாக நார் பார்த்து ஒட்டிச் சமாளிப்போம். கிளையைத் தேடிப் போகிறவன் கோயமுத்தூரில் எவன் இருக்கிறான்?

அளவு எடுக்க அவர் ஸ்கேலைத் தொடவில்லை. கிளையை மூலையில் வைத்து, ஒரு கரித்துண்டால் இரண்டு கோடு. தரையில் குத்துக்காலிட்டு, கிளையின் நுனியைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு வாச்சியை இறக்கினார். நான் பயந்து ஒரு அடி பின்னால் போனேன். வாச்சி விரலுக்கு இரண்டு அங்குலத்தில் இறங்குகிறது, அவரோ பையன்களோடு பேசிக்கொண்டே செதுக்குகிறார். பெரிய சில்லு, அப்புறம் சின்னது, அப்புறம் காகிதம் கனத்துக்கு. மூலையில் வைத்தார். உட்காரவில்லை. எடுத்து, கரிக்கறை ஒட்டியிருந்த இடத்தை மட்டும் ஒரு சீவு. மறுபடி வைத்தார். இடுக்கு அளக்கிற என் ஃபீலர் கேஜ் பையிலேயே இருந்தது, எடுக்க மனசு வரவில்லை. இடைவெளியே தெரியவில்லை.

ஆணி வேண்டாம் என்றார். சீமைக்கருவேலத்தின் வைரத்தில், அதாவது உள்மரத்தில், விரல் கனத்துக்கு முளை சீவி, துளையில் அடித்து, நுனியைப் பிளந்து ஆப்பு இறக்கினார். துரு கிடையாது, ஈரக்காற்றில் முளையும் சேர்ந்து ஊறி இன்னும் இறுகும். இந்தச் சீமைக்கருவேலத்தை மாவட்டமே திட்டுகிறது, நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று வெட்டச் சொல்லிக் கோர்ட் வரைக்கும் போனது. மரமாகப் பார்த்தால் அதன் வைரம் நல்ல வைரம். கறுஞ்சிவப்பு, கனம், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. நேராக நாலடி கிடைக்காது, அதனால் எல்லாம் கரிமூட்டத்துக்குப் போகிறது. நானும் ஒரு கட்டை எடுத்து, உளியைத் தட்டுகிற கொட்டாப்புளி ஒன்று கடைந்துகொண்டேன்.

அப்புறம் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். துளை எடுப்பது, இழைப்பது, மட்டம் பார்ப்பது நான். முட்டும் முளையும் அவர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உப்புத்தாள் தேய்த்தார்கள். பெண்பிள்ளைகள் பொறுமையாக, நார் வாக்கில். பையன்கள் முதல் ஐந்து நிமிஷம் வேகமாக, அப்புறம் ஆள் இல்லை.

ஒரு விபத்து. பெஞ்சோடு பள்ளி நூலகத்துக்கு ஓர் அலமாரியும் செய்வதாக இருந்தோம். அதற்கு அட்டையில் வெட்டி வைத்திருந்த அச்சை ஆடு தின்றுவிட்டது. பாதி வாயில் இருக்கும்போதே பார்த்தேன், விடவில்லை.

அலமாரியைப் பற்றி ஓடாவிக்கு அவசரம். நாளைக்கு ஆடி பிறக்கிறது, ஆடியில் புது வேலை தொடங்கமாட்டாராம், பழைய வேலையை முடிக்கலாமாம். ஆகவே இருட்டுகிற நேரத்தில் ஒரு பலகையைக் கொண்டுவந்து, கற்பூரம் காட்டி, ரம்பத்தால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "ஆரம்பிச்சாச்சு. இனி பழைய வேல" என்று வீட்டுக்குப் போனார்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு படுத்தியது. இங்கே நிலத்தடி நீர் உப்பு. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள், காலையும் மாலையும். வண்டியில் விற்க வருகிற தண்ணீர் குடம் 12 ரூபாய். கடலோர மணல்மேட்டில் ஊத்துத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்குமாம். வீட்டுக்காரர் மனைவி ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார், மத்தியானத்துக்குள் எழுந்துவிட்டேன்.

வகுப்பில் சில பிள்ளைகள் இல்லை. தம்பியிடம் கேட்டதற்கு, அம்மாக்கள் கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போயிருக்கிறார்கள், வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தது நின்றுவிடும் என்றான். மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து கையால் பறிக்கிற வேலை. தீவுகள் எல்லாம் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறையோடு தகராறும் உண்டு. என் ஸ்கேலைத் தப்பு என்று சொன்ன பெண்ணும் இன்று வரவில்லை.

தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் இன்றுதான் மெதுவாகக் கேட்டேன்: ஓடாவியை ஏன் இத்தனை வருஷமும் கூப்பிடவில்லை? அவர் கோபப்படவில்லை. "கூப்பிடணும்னு தோணவே இல்ல சார். தோணினாலும் எப்படிக் கூப்பிடறது? எஸ்டிமேட் வேணும், பில் வேணும், ஜி.எஸ்.டி நம்பர் கேப்பாங்க. இவருகிட்ட ரசீது புக்கு இருக்குமா?" என்றார். பில் புத்தகம் வைத்திருக்கிற ஆள் டவுனிலிருந்து வருகிறார், இரும்பு ஆணி அடிக்கிறார், போகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் பில் இல்லை. எனக்கு இது பெரிய ஆச்சரியமாகவும் இல்லை. எங்கள் ஊர் ஃபவுண்டரிகளிலும் ஆடிட்டருக்குப் பிடித்த ஆளுக்குத்தான் ஆர்டர் போகும்.

ஆனால் பெரிய டீச்சர் சும்மா இருக்கிறவர் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பெற்றோர்கள் வசூல் செய்து, நாள் கூலியாக ஓடாவிக்குக் கொடுக்கலாம் என்றார். அவருடைய கூலி 1,200. ஓடாவியோ 800 போதும் என்றார். நான் குறுக்கே புகுந்து 1,200 என்றேன். இலவசமாகச் செய்ய வந்த நான் ஒருத்தன் போதாதா, அவருக்கு வேறு ஏன் அந்தப் பழக்கம்?

ஜூலை 20, ஞாயிறு

தம்பி கட்டாயப்படுத்தி பாம்பனுக்குக் கூட்டிப்போனான். ரோட்டுப் பாலத்தில் நின்றால் தொப்பி பறக்கிறது, ஒருத்தருடையது கண்ணெதிரே பறந்தது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் ஒரு பக்கம் சும்மா நிற்கிறது, அதன் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாக விரியும். இந்த ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே ஏறும். ஏறுவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வறுத்த நகரை மீனும் சோறும் 150 ரூபாய், மீன் நன்றாக இருந்தது, சோறு ஆறிப்போயிருந்தது.

பாலத்துக்குக் கீழே மீனவர் பக்கம் கொஞ்ச நேரம் நடந்தோம். ஃபைபர், ஃபைபர், ஃபைபர். மரத்தில் ஒன்றிரண்டு விசைப்படகு மட்டும் கரையேற்றிக் கிடந்தது, ஒருவர் பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் திணித்துக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். தம்பிக்கு வெயில் தாங்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அலமாரி நின்றுவிட்டது. பலகையெல்லாம் ஓடாவி பிரித்த அந்தப் பழைய வள்ளத்தின் அயினிப் பலகை. கடலில் ஊறி ஊறிப் பழுத்த மரம். என் இழைப்புளியின் அலகை அரை மணிக்கு ஒரு தடவை தீட்டவேண்டியிருந்தது, நாருக்குள் உப்பும் மணலும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவாமல் வைத்தால் காலையில் அலகில் செம்பொட்டு விழுந்துவிடுகிறது.

ஒரு சிக்கல். அந்தப் பலகைக்கு வருஷா வருஷம் மீன் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். எவ்வளவு இழைத்தாலும் வாடை போகவில்லை. நூலகப் பொறுப்பு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "புத்தகத்துல எல்லாம் ஏறிடும் சார்" என்றார். நியாயம்தான், எண்ணெய்க் கறையும் படியும். சோடா உப்புக் கரைசலால் கழுவி வெயிலில் போட்டோம், பாதி போனது. அரக்கு வார்னிஷ் இரண்டு கை கொடுத்தால் மீதி அடங்கும் என்று ஆரம்பித்தேன். முதல் கை காய்வதற்குள் காற்று மணலை வாரி அடித்தது. அலமாரியின் ஒரு பக்கம் முழுக்க உப்புத்தாள் ஆகிவிட்டது. மறுபடி தேய்த்து, இந்த முறை அறைக்குள் தூக்கிப்போய், கதவைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரச் சாக்குத் திணித்து அடித்தோம். உள்ளே வியர்வையில் நான் ஊறினேன். ஓடாவி வெளியே நின்று சிரித்தார்.

அடித்தட்டுப் பலகையில் ஆணித்துளை அடைத்த அடையாளம் வரிசையாக இருக்கிறது. மறைத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார், காரணம் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

முடிந்த பெஞ்சுகள் 14. இன்னும் ஒன்பது கிடக்கிறது, முட்டுக்குக் கிளை வேண்டும். ஓடாவி ஆள் வைத்துக் கிளை தேடச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு அவர் வேலைக்கு வரமாட்டார், ஆடி அமாவாசை, சேதுக்கரையில் முங்கித் தர்ப்பணம் கொடுக்கவேண்டும். நானும் கிளம்புகிறேன். என் உளிகளில் இரண்டையும் மூலமட்டத்தையும் அவரிடம் கொடுத்தேன். உளியை வாங்கிக்கொண்டார், மூலமட்டத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பேட்டர்ன் ஸ்கேல் தம்பியிடம் இருக்கிறது, அந்தப் பெண் நேற்று வந்து கேட்டாளாம்.

ஏழாவது பையன்கள் மூன்று பேருக்கு வாச்சி பிடிக்கக் கற்றுத்தர ஓடாவி ஒத்துக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமைகளில். பெரிய டீச்சருக்கு விரல் போய்விடுமோ என்று பயம். எனக்கும்தான். ஓடாவி செருப்பு போட்டுக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறார், அதுவே பெரிய முன்னேற்றம். வீட்டுக்காரர் ராத்திரி நெய்ச்சோறும் கோழியும் போட்டார், பணத்தைப் பற்றி மறுபடி பேசினேன், மறுபடி திட்டு வாங்கினேன்.

ஜூலை 24, வியாழன்

அமாவாசையன்று இந்த மாவட்டத்தை விட்டு வெளியேறப் பார்க்கிறவனுக்கு விவரம் போதாது. ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்று இடத்துக்கும் விடியலிலிருந்தே ஜனம். கீழக்கரையில் நின்ற பஸ்ஸில் படியில் கூட இடம் இல்லை. திருப்புல்லாணி விலக்கில் வேன்களும் கார்களும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. ராமநாதபுரம் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம். மதுரை பஸ்ஸுக்கு வெயிலில் நின்று, மூன்றை விட்டு நான்காவதில் ஏறினேன். பை பழைய கனம்தான், உளி போனதற்குக் கொட்டாப்புளியும் இரண்டு கிலோ கருப்பட்டியும். கருப்பட்டி கிலோ 350, பேரம் பேசினால் 320.

பக்கத்து இருக்கையில் ஈர வேட்டியோடு ஒருவர். பையிலிருந்து ரம்பத்தின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தச்சு வேலையாண்ணே? வீட்ல ஒரு வாசக்கதவு இழுத்துக்கிட்டே நிக்குது. உப்புக்காத்துல கீலு பூரா போச்சு. எவனும் வரமாட்டேங்கிறான்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். ஏர்வாடிக்கு இந்தப் பக்கம்தான். ஓடாவி பேரனுடைய அப்பா நம்பரைக் கொடுத்தேன். வள்ளம் கட்டுகிறவர் கதவு செய்வாரா என்று அவருக்குச் சந்தேகம். ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், கூலி 1,200, குறைக்கச் சொல்லாதீர்கள் என்றேன்.

பரமக்குடி தாண்டும்வரை அவர் கீலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பித்தளைக் கீல் போடச் சொல்லியிருக்கிறேன்.